இட்லி சாப்பாட்டில் சேர்த்தியா?

கமுதி பஸ் ஸ்டாண்டில் இப்போதெல்லாம் என்னால் நிம்மதியாக நிற்க முடிவதில்லை. தெரிந்தவர்கள் யாராவது வந்து ஏற இறங்கப் பார்ப்பார்கள். "ஏத்தா இருளாயி, பாதி ஆளாப் போயிட்டியே, எதும் சீக்கா?" என்பது ஒரு ரகம். "என்னமோ ஊசி போடுறாகளாமே, எங்கன போடுறாக, எம் மருமகளுக்கும் சொல்லேன்" என்பது இன்னொரு ரகம். இரண்டு ரகத்துக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. அதனால்தான் எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன். இனி கேட்கிறவர்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன்.

நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எண்பத்து நாலு பிள்ளைகள். தலைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை முட்டை என்று தினமும் நிறுத்துப் போட்டுப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். சாப்பாட்டுக் கணக்கு எழுதுவதில் என்னை ஒருத்தரும் குறை சொல்ல முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிர் எப்படி இறங்கியது என்பதும் இதில் வரும்.

என் எடை நூற்று மூன்று கிலோ. இப்போது இல்லை, அப்போது. எடையைப் பற்றி எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. பயம்தான் இருந்தது, அதுவும் கால்களைப் பற்றி. என் ஆத்தாவுக்குச் சர்க்கரை நோய். செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண் ஆறாமல் கறுத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். எடுத்த பிறகும், இல்லாத அந்தப் பாதம் அரிக்கிறது என்று அழுவாள், "சொரிஞ்சு விடுத்தா" என்பாள். நான் எங்கே சொரிவேன்? போர்வையைச் சொரிந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். நாற்பத்தெட்டு வயதில் எனக்கும் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் இரண்டு பாதத்தையும் தடவிப் பார்த்தேன்.

நடந்தேன். கொள்ளுக் கஞ்சி குடித்தேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பிழிந்து பல் கூசியதுதான் மிச்சம். இரண்டு கிலோ இறங்கும், மூன்று கிலோ ஏறும். அந்தச் சமயத்தில்தான் ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எடை குறைப்பு மருந்து ஒன்றை ஆராய்ச்சி செய்கிறார்கள், ஆள் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தது. பல ஊர்களில் ஒரே நேரத்தில் நடக்கிற ஆய்வாம் அது. என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கிறவர், அளந்துதான் பேசுவார். "எலிக்குப் போடுறத ஒனக்குப் போடுவாக" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அவரே கூட்டிக்கொண்டும் போனார்.

ஊசி போடுவதற்கு முன்னால் ஒப்புதல் படிவம் என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்தார்கள். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் நிவேதிதா, சென்னையில் பிறந்து வளர்ந்த பெண், ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாதிப் பேருக்கு மருந்து உள்ள ஊசி. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாதும்மா" என்றாள்.

"டாக்டருக்கே தெரியாதா? அப்பறம் எதுக்கு டாக்டரு?" என்றேன்.

பின்னால் நின்றிருந்த டாக்டர் சிரித்துவிட்டார். ஐம்பது வயதுக்காரர், தலை பூராவும் நரை. "தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? மருந்து வாங்குற ஆள் இளைச்ச மாதிரியே என் கண்ணுக்குத் தோணும். ஆசை அப்படி. அதனால என் கண்ணை நானே நம்பக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு" என்றார்.

நான் பார்த்த அதிகாரிகளெல்லாம் தங்கள் கண்ணில் பட்டதுதான் சத்தியம் என்று மேஜையைத் தட்டுகிறவர்கள். இவ்வளவு படித்த மனிதர், என் கண்ணே என்னை ஏமாற்றும் என்று என்னிடம் வந்து சொல்கிறார். அந்த இடத்தில்தான் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பஞ்சவர்ணம். சாயல்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை. மூட்டு வலியால் பாத்தி வரப்பில் நடக்க முடியாமல், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வந்திருந்தாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

வாரம் ஒரு ஊசி. பேனா மாதிரி இருக்கும், வயிற்றில் நாமே குத்திக்கொள்ள வேண்டும். அதை ஃப்ரிட்ஜில் மல்லித்தழைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். தினமும் ஒரு டைரி எழுத வேண்டும். நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்? வாந்தி உண்டா? வயிற்று வலி உண்டா? பதிவேடு எழுதிப் பழகிய கை, ஒரு நாள் தவறாமல் எழுதினேன்.

ஆத்தாடி, மூன்றாவது வாரம் நடந்ததை எப்படிச் சொல்வது! பள்ளிக்கூடத்தில் முட்டை அவித்து, சாம்பார் தாளித்து இறக்கினோம். எப்போதும் அந்த வாசனை வந்தால் என் மனம் அண்டாவை விட்டு நகராது. பிள்ளைகள் சாப்பிட்டு எழும் வரைக்கும் ஒரு குரல் உள்ளே நச்சரித்துக்கொண்டே இருக்கும். அன்று அந்தக் குரலைக் காணோம். முட்டையைப் பார்த்தேன், அது முட்டையாக இருந்தது, அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். இத்தனை வருஷமாக எல்லோரும் என்னை வாயைக் கட்டத் தெரியாதவள் என்றார்கள், நானும் அதை நம்பினேன். அது என் குணம் இல்லை, உடம்பின் சத்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலு மாதத்தில் தொண்ணூற்று ஒன்றுக்கு வந்தேன். பஞ்சவர்ணம் போனில் கூப்பிட்டு, "அக்கா, வரப்புல ஓடுறேன்க்கா" என்று கத்தினாள்.

அதன் பிறகு வலி வந்தது. வலது விலா எலும்புக்குக் கீழே, முதுகுவரை இழுக்கும். ஒரு மணி நேரம் இருந்து அடங்கும். டைரியில் 'வயிற்று வலி' என்ற கேள்விக்கு நேராக 'இல்லை' என்று எழுதினேன். கடுமையான வலி வந்தால் ஊசி நிறுத்தப்படும் என்று நிவேதிதா வாசித்த வரி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஊசி நின்றால் எடை ஏறும், எடை ஏறினால் சர்க்கரை, சர்க்கரை வந்தால் கால். இப்படித்தான் என் கணக்கு ஓடியது. பதினோரு நாள் பொய் எழுதினேன். வீட்டில் வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

பன்னிரண்டாவது நாள் சமையல்கூடத்திலேயே சுருண்டு விழுந்தேன். வீட்டுக்காரர் கார் பிடித்து, முதுகுளத்தூர் வழியாக ராமநாதபுரம் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியெல்லாம் வாந்தி. அவர் என் தலையைப் பிடிக்காமல் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலுக்கு அடியில் பித்தப்பை என்று ஒரு சின்னப் பை இருக்கிறது. நாம் தின்கிற கொழுப்பைக் கரைக்கிற பித்தநீர் அதில் தங்கும். உடம்பு வேகமாக இளைத்தால் அந்தப் பித்தநீர் கெட்டிப்பட்டுக் கல்லாகும். என் கல் ஒன்று நழுவி இறங்கி, கணையத்தின் வாயை அடைத்திருந்தது. கணையம் என்பது சர்க்கரையை அடக்குகிற சுரப்பி, செரிமான நீரையும் அதுதான் சுரக்கிறது. வாய் அடைபட்டால் அந்த நீர் வெளியேற வழியில்லாமல் கணையத்தையே புண்ணாக்கிவிடும். ரத்தத்தில் லைபேஸ் என்ற ஒன்றைப் பார்ப்பார்கள், கணையம் வீங்கினால் அது ஏறும். எனக்கு எகிறிக் கிடந்தது.

மூன்று நாள் வாயில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது, குளுக்கோஸ் மட்டும். பக்கத்துக் கட்டிலுக்கு வருகிற டீ வாசனை கூட எனக்கு வேண்டாமல் போயிற்று. பில் எவ்வளவு வரும் என்று நான் புலம்பியபோது, ஆய்வில் வந்த கோளாறுக்கு ஆய்வே செலவு பார்க்கும் என்று நிவேதிதா அந்தப் படிவத்தின் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, அப்புறம்தான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காலையில் ஈரத் துணியால் என் பாதத்தைத் துடைத்து, செல்போன் வெளிச்சத்தில் விரல் இடுக்கெல்லாம் பார்ப்பார்.

"என்ன தேடுறீக?"

"ஒண்ணும் தேடல. இருக்கான்னு பாக்குறேன்" என்பார்.

மூன்றாம் நாள் டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இருளாயிம்மா, உங்க டைரியைப் பார்த்தோம். நாலு மாசமா தினமும் ஒரு வேளைதான் சாப்பிட்டிருக்கீங்க. உங்க பக்கத்து ஆட்கள் இன்னும் சில பேரும் அப்படியே எழுதியிருக்காங்க. உடம்பு பட்டினி கிடந்தாலும் கல்லு வரும். மருந்து பசியை அளவுக்கு மீறி அடக்குதோன்னு எங்களுக்குச் சந்தேகம். ஆய்வைக் கண்காணிக்கன்னே தனியா ஒரு குழு இருக்கு, நாளைக்குள்ள அவங்களுக்கு அறிக்கை போகணும். எல்லாருக்கும் ஊசியை நிறுத்தி வைக்கச் சொன்னாலும் சொல்லலாம்."

"எல்லாருக்குமா? பஞ்சவர்ணத்துக்குமா?"

"எல்லாருக்கும்."

"எனக்குப் போட்டது மருந்தா, வெறும் ஊசியான்னு பிரிச்சுப் பாத்துருங்களேன்."

"உங்க வைத்தியத்துக்கு அவசியம்னா இந்த நிமிஷமே அந்தச் சீட்டைத் திறந்துடுவேன். எதுவா இருந்தாலும் இப்பப் பார்க்குற வைத்தியம் ஒண்ணுதான். அதனால திறக்க எனக்கு உரிமை இல்லை" என்றார். அவருக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

எங்கோ இருக்கிற பெரியவர்கள் நாலு பேர், என் ஒருத்தி வயிற்றைப் பற்றி உட்கார்ந்து பேசப்போகிறார்கள் என்பதே எனக்கு மலைப்பாக இருந்தது. வரப்பில் ஓடுகிற ஒருத்தி என்னால் திரும்ப உட்கார்ந்துவிடுவாளே என்பது அதைவிடப் பெரிய கவலையாக இருந்தது.

நாலாம் நாள் காலை, சாப்பிடலாம் என்று உத்தரவு வந்தது. இரண்டு இட்லியும் கொஞ்சம் சாம்பார்த் தண்ணியும் கொடுத்தார்கள். தின்று முடித்துக் கை கழுவினேன். நிவேதிதா வந்தாள்.

"சாப்டீங்களாம்மா?"

"இல்லத்தா. சாப்பாடு எப்பக் குடுப்பாக?"

அவள் காலித் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்பதானே சாப்பிட்டீங்க?"

"எங்க சாப்பிட்டேன்? ரெண்டு இட்லி தின்னேன். அது பலகாரம்ல்ல?"

"அம்மா, இட்லி சாப்பாடு இல்லையா?"

"இதென்னத்தா கூத்தா இருக்கு. சோறுதான சாப்பாடு!"

அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நோயாளி கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னவளே அவள்தான். "வீட்டுல காலையில என்ன... தின்பீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"ரெண்டு இட்லி, இல்லாட்டித் தோசை. முந்தி எட்டுத் திம்பேன். ராத்திரிக்கு ஒரு கோதும தோச. மத்தியானம் ஒரு வேளதான் சாப்பாடு, அதத்தான தெனமும் எழுதுனேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் விளங்கிவிட்டது. எண்பத்து நாலு பிள்ளைகளுக்குக் கிராம் கணக்கில் பதிவேடு எழுதுகிறவள், என் வயிற்றுக்குள் போன இட்லியை நாலு மாதமாக எழுதவே இல்லை. பொய்யும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில், எங்கள் ஊரில், யார் கேட்டிருந்தாலும் அதுதான் பதில். விரதம் இருக்கிறவர்கள் ராத்திரி ஆறு இட்லி தின்றாலும் 'சாப்பிடலை, பலகாரம்தான்' என்பார்கள், சாமியும் அதை ஒத்துக்கொள்ளும்.

நிவேதிதா ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் கேட்டுவிட்டு, "நீங்களே பஞ்சவர்ணத்துக்குப் போன் போடுங்கம்மா. நாங்க கேட்டா பயந்து யோசிச்சுப் பதில் சொல்வாங்க. நாங்க இங்க இருக்கோம்னு மட்டும் முதல்லயே சொல்லிருங்க" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏ பஞ்சவர்ணம், இங்கன டாக்டரும் கேட்டுக்கிட்டு நிக்காக. சாப்பிட்டியாடி?"

"இல்லக்கா, இனிமேத்தான். வெள்ளன மூணு தோசயும் கருவாட்டுக் கொழம்பும் தின்னுட்டு அளத்துக்கு வந்துட்டேன்."

"ராத்திரி?"

"ராத்திரி எங்குட்டுக்கா சாப்பிடுறது? நாலு இடியாப்பத்தப் பிச்சுப் போட்டுக்கிட்டுப் படுத்துருவேன். ஏன், டாக்டரு வையிறாகளா?"

டாக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. "நானும் இந்தச் சீமையில பொறந்தவன்தான். வெள்ளிக்கிழமை ஒரு பொழுது இருந்துட்டுப் பலகாரம் தின்ன வீடுதான். எப்படி மறந்தேன்?" என்றார். டைரியில் இருந்த அந்தக் கேள்வியை எங்கோ யாரோ எழுத, இன்னொருத்தர் தமிழில் மாற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்துச் சோற்றுக்கும் இட்லிக்கும் நடுவில் அது விழுந்துவிட்டது.

டைரியைத் திருத்த வேண்டும் என்றார்கள். பழைய மாதங்களுக்கு ஒரே விளக்கமாக எழுதிச் சேர்த்துவிட்டு, நன்றாக ஞாபகம் இருக்கிற கடைசி இரண்டு வாரப் பக்கங்களை மட்டும் என் கையில் கொடுத்தார்கள். "ஒயிட்னர் இருக்கா?" என்று கேட்டேன். எங்கள் பதிவேட்டில் தப்பு வந்தால் வெள்ளை பூசி, காய்ந்த பிறகு மேலே எழுதுவேன். அது எனக்குக் கை வந்த கலை.

நிவேதிதா பதறிவிட்டாள். "இங்க அழிக்கவே கூடாதும்மா. ஒரே ஒரு கோடு, தப்பு கீழே தெரியற மாதிரி. பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி."

"தப்பு தெரியணுமா?"

"தெரியணும்."

பதினெட்டு வருஷத்தில் தப்பைத் தெரியும்படி வை என்று ஒருத்தர் என்னிடம் சொன்னதில்லை. பேனாவை வாங்கினேன். 'ஒரு வேளை' என்பதில் கோடு போட்டு 'மூன்று வேளை' என்று எழுதி, இருளாயி என்று கையெழுத்து வைத்தேன். அதற்கு இரண்டு வரி கீழே என் எழுத்திலேயே இருந்தது: 'வயிற்று வலி: இல்லை.'

பேனா நின்றுவிட்டது. இந்தப் பொய் யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. பித்தப்பையை எடுக்கிற ஆபரேஷன் முடிந்து தேறியதும் ஊசியைத் திரும்பத் தொடங்கலாமா என்று பார்க்கலாம் என டாக்டர் சொல்லியிருந்தார். மறைத்தது தெரிந்தால் அந்த வாசலும் சாத்திக்கொள்ளும். கட்டிலின் அந்தப் பக்கம் வீட்டுக்காரர் என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஆத்தா சொரியச் சொன்ன அந்தக் கால் ஞாபகத்துக்கு வந்தது. தன் கண்ணையே நம்பாத டாக்டரும் கூடவே ஞாபகத்துக்கு வந்தார். இத்தனை பேர் இத்தனை பாடுபட்டு உண்மையைத் தேடுகிற இடத்தில், அது என் கைக்குள்ளேயே இருந்தது. 'இல்லை' என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். 'இருந்தது. இருளாயி.' அடுத்த பக்கத்திலும் அப்படியே. பதினோரு பக்கம்.

நிவேதிதா பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏம்மா சொல்லல?"

"ஊசிய நிறுத்திருவீகன்னு பயந்துட்டேன்த்தா" என்று சொல்லி, வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் திட்டவில்லை. அந்தப் பக்கங்களைத் தடவிப் பார்த்தார். "வலி எந்த நாள் ஆரம்பிச்சது, எப்படி வளர்ந்ததுன்னு இப்பத் தெரியுது. அடுத்த ஆள் உங்களை மாதிரி விழுறதுக்கு முன்னாடி பிடிச்சுடலாம்" என்றார். பிறகு, எனக்கு இனி ஊசி கிடையாது என்பதையும் அவரே சொன்னார். நான் தலையாட்டினேன்.

பித்தப்பையை எடுத்துவிட்டார்கள், வயிற்றில் நாலு சின்னத் துளைதான். நான் வீட்டுக்கு வந்த வாரமே, மற்றவர்களுக்கு ஊசி தொடரலாம் என்று குழு சொல்லிவிட்டதாம். கூடவே, வலி உண்டா என்று காகிதத்தில் மட்டும் கேட்காமல் ஒவ்வொருவரையும் நேரில் உட்காரவைத்துக் கேட்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

என் ஊசியில் மருந்து இருந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆய்வு முடிந்ததும் சொல்வார்கள். ஊசி நின்ற பிறகு மூன்று கிலோ திரும்பி வந்திருக்கிறது, உள்ளே அந்தக் குரலும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. சர்க்கரை இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். எடை பார்க்கவும் ரத்தம் கொடுக்கவும் மட்டும் நான் தொடர்ந்து போய் வருகிறேன். போன தடவை புது டைரி ஒன்றைக் காட்டினார்கள். அதில் அச்சடித்திருந்தது: 'காலையில் என்ன தின்றீர்கள், குடித்தீர்கள்? இட்லி, தோசை, பலகாரம் எதுவானாலும் எழுதவும்.' என் வாயிலிருந்து வந்த பேச்சு அச்சில் ஏறிக் கிடந்தது. அந்தப் பக்கத்தை விட்டு எனக்கு எழுந்து வரவே மனமில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் பஞ்சவர்ணம் போனில் கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, நேர்ல உக்கார வச்சு வலி இருக்கான்னு கேட்டாகக்கா. நானும் ஒன்னய மாதிரி மறச்சுத்தான் வச்சிருந்தேன். ஒங் கதையச் சொல்லிக் கேட்டதும் பொசுக்குன்னு சொல்லிட்டேன். ஸ்கேன்ல கல்லு இருக்காம். இன்னும் எறங்கலையாம். வர்ற வாரம் எடுத்துருவாகளாம்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்த்தா" என்றேன். "ரெண்டு இட்லி."